பக்கத்து மேஜை அண்ணன் நாற்காலி

அம்மாவுக்குப் பணிவான வணக்கம். முழங்கால் வலி குறைஞ்சுதா? தைலத்தை மறக்காம தேய்ச்சுக்கோங்க. எனக்கு உடம்புக்கு ஒன்னுமில்ல.

ஒரு வேடிக்கை கேளுங்க. எங்க எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா வாங்கியிருக்காங்க. பழுதான போர்டுக்குக் கரண்ட் கொடுத்தா, கெட்டுப்போன பாகம் மட்டும் சிவப்பாத் தெரியும். லென்ஸ் வச்சு நாள் முழுக்கத் தேட வேண்டாம். கேமராவுக்குச் சோறும் வேணாம், லீவும் வேணாம். "இனி ரெண்டு ஆள் எதுக்கு?"ன்னு பக்கத்து மேஜை அண்ணனை முதலாளி நேத்து அனுப்பிட்டாரு. பதினோரு வருஷம் லென்ஸும் கண்ணுமா இருந்த மனுஷன். இங்க நம்ம பாஷை பேச அவர் ஒருத்தர்தான் இருந்தாரு.

அவர் வெளிய போனதும் விளையாட்டா கேமராவை அவர் நாற்காலி பக்கம் திருப்பினேன். உட்கார்ந்திருந்த தடம் சிவப்பா அப்படியே இருந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன். அஞ்சு நிமிஷத்துல சூடு ஆறி, நாற்காலியும் சுவரும் ஒரே நீலமாயிடுச்சு.

இனிமே போன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேட்டதும் வச்சிடாதீங்கம்மா. பேச ஒன்னுமில்லன்னா போனை அடுப்பு மேடையில வச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க. மிக்ஸி சத்தம் கேட்டாக்கூடப் போதும்.

டீ குடிக்க விட்ட நேரத்துல படிக்கட்டுல உட்கார்ந்து எழுதுறேன். என் நாற்காலி ஆறுறதுக்குள்ள போகணும்.

உங்க சின்னவன்