கிட்டங்கி நிறையக் கந்தகம்

19-1-1958, சிவகாசி
விரலிடுக்கில் மறுபடியும் கொப்புளம். மாமியார் பார்த்துவிட்டார். "கிட்டங்கியில கந்தகம் கெடக்கு, எண்ணெயில கொழச்சுப் பூசு. அடுப்படிப் பக்கம் வராத." தீப்பெட்டிக் கம்பெனி வீட்டுச் சரக்குக் கிடங்கில் இந்த மருந்துக்கு மட்டும் பஞ்சமில்லை. பூசினேன், நான் மட்டும்.

3-2-58
ஆறிவிட்டது.

20-2-58
திரும்ப வந்துவிட்டது. அவரும்தான் இடுப்பைச் சொறிகிறார், கேட்டால் கம்பெனித் தூசியாம். மாமியாருக்கு வேர்க்குருவாம். எனக்கு வந்தால்தான் சிரங்கு, பிறந்த வீட்டுச் சீர்!

23-2-58
அவரோடு டாக்டரிடம் போனேன். ஊரில் சொல்கிற ரத்தச் சூடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறதாம். ஒட்டிப் படுப்பவர்களுக்கெல்லாம் பரவுமாம். "கந்தகம் நல்ல மருந்துதாம்மா. ஆனா வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பூசணும். துணிமணிய வெந்நீர்ல அவிக்கணும்."

மாமியாரிடம் சொன்னேன். "எங்க மேலுல சிரங்கா? யாரப் பாத்துச் சொல்ற?" டாக்டர் சொன்னதைக் கூடவே நின்று கேட்ட மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

26-2-58, விருதுநகர்
அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். என் பிள்ளை ஜெயச்சந்திரனைக் கொடுக்கவில்லை. "பிள்ளைக்கு ஒட்டிரும், சுத்தமானப்பெறகு வா." இன்னும் பால் மறக்காத பிள்ளை. அவன் யார் நடுவில் படுக்கிறான்? சொறிகிறவர்கள் நடுவில்தானே! அய்யோ, இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

2-3-58
அப்பா, அம்மா, நான் மூவருமே பூசிக்கொண்டோம். "நம்மளும் தீக்குச்சி ஆயிட்டோம் தாயி, அடுப்புப் பக்கம் போயிராத" என்றார் அப்பா. சிரித்தேன். பிறகு அழுகை நிற்கவேயில்லை.

9-3-58
மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன்.

14-4-58
தோல் சுத்தமாகிவிட்டது. அரிப்பே இல்லை. கூப்பிட ஆள் வரவில்லை.

27-4-58, சிவகாசி
அப்பாவே கொண்டுவந்து விட்டார். பிள்ளையின் மணிக்கட்டு, கணுக்கால், வயிறு எங்கும் கொப்புளம். சில சீழ் பிடித்திருக்கின்றன. "நீ விட்டுட்டுப் போனதுதான்" என்றார் மாமியார், இடுப்பைச் சொறிந்துகொண்டே. கை நீட்டினேன். அவன் பாட்டி தோளைக் கட்டிக்கொண்டு வீரிட்டான். என்னைத் தெரியவில்லை அவனுக்கு.

28-4-58
மறுபடியும் கெஞ்சினேன், எல்லாரும் பூசுவோம் என்று. பிள்ளைக்கு மட்டும் பூசினால் போதுமாம்.

8-5-58
மத்தியானம் ஜெயச்சந்திரன் தானாக வந்து என் மேல் படுத்துத் தூங்கினான். என் விரலிடுக்கு நேற்றிலிருந்து அரிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி விருதுநகர்தான்.