கிழக்குச் சுவரில் இருந்த மாடம்

அண்ணி,

உன் பெண் அஞ்சலை ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தபோது முதலில் ஏதோ குறைவது போல இருந்தது. உப்பு இருந்தது, புளிப்பு இருந்தது. புகை இல்லை. நம் வீட்டிலிருந்து இத்தனை வருஷமாக எது வந்தாலும், அரிசியானாலும் அப்பளமானாலும், நீ தைத்துக் கொடுத்த தலையணை உறையானாலும், அந்தப் புகை அதில் ஏறியிருக்கும். விடுதியில் என்னோடு இருந்த பெண்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். இந்த ஜாடியில் அது இல்லை. மூடிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கோடையில் உன் அடுப்பங்கரையில் நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. அண்ணனுக்கு இரண்டாம் தாரமாக நீ வந்த வருஷம்தான் நான் சென்னையில் பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். எனக்குச் சிறு வயதிலேயே தாலி போனது. அதனால்தான் படிப்பு வந்தது. மற்றவர்கள் என்னிடம் சற்று விலகியே பேசுவார்கள். நீ மட்டும் வந்த வாரத்திலேயே, "இவ்ளோ படிச்சிருக்கியே, இந்த அடுப்பங்கரைக்கு ஒரு வழி சொல்லு பாக்கலாம்" என்றாய். கேலிதான். நான் அதைக் கணக்குப் பாடம் போல எடுத்துக்கொண்டேன்.

வழி சொல்வது எளிதாக இல்லை. அது ஓர் இருட்டுப் பெட்டி. ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை. வெளியைப் பார்த்தது கிழக்குச் சுவர் ஒன்றுதான். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்து மோதுவதும் அதில்தான். அந்தச் சுவரின் நடுவே ஒரு மாடம். மாடத்தில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண்பானை. உள்ளே அண்ணனின் முதல் மனைவியின் புடவையும் வளையலும் மஞ்சள் கிழங்கும். பிரசவத்தில் போனவள். சுமங்கலியாகப் போனவளை ஏரிக்கரையில் பம்பை அடித்துக் கூப்பிட்டு, பூவாடைக்காரியாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் கூடத்தில் வைப்பார்கள். நம் வீட்டில் யார் யோசனையோ, அவள் புழங்கிய இடம் என்று அடுப்பங்கரையில் வைத்துவிட்டார்கள்.

நான் காகிதத்தில் வரைந்த படத்தை நீ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க குந்தறது?" என்று கேட்டாய். பிறகு கோலமாவை எடுத்துக்கொண்டு என்னைக் களத்துக்கு இழுத்துப் போனாய். சாணி தெளித்துக் காய்ந்த தரையில் அடுப்பங்கரையை அதன் முழு அளவுக்கே கோடு போட்டோம். இங்கே கொடியடுப்பு, இங்கே தண்ணீர்க் குடங்கள், இங்கே அம்மி. சாய்ந்தால் கை எட்டும் தூரத்தில் உப்பும் புளியும் மிளகாயும். அடுக்குப்பானைகள் கூடத்துச் சுவரோரம். விறகை நான் பரணில் போட்டிருந்தேன். நீ அதைக் காலால் அழித்துவிட்டு அடுப்பு மேடைக்கு அடியில் போட்டாய். "எந்திரிச்சுப் போயி எடுக்கணும்னா அத எதுக்கு வூட்ல வெக்கறது?" என்றாய்.

கோடு முடிந்ததும் நீ அதற்குள் போய்ச் சமைத்துப் பார்த்தாய். இல்லாத குடத்தைச் சரித்து இல்லாத அரிசியைக் களைந்தாய். கரும்புக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். இன்னா கொழம்பு என்று ஒருத்தி கேட்டாள். மீன் கொழம்பு, கிண்ணி எடுத்துக்கினு வா என்றாய். எல்லோரும் சிரித்தோம். அடுத்து நீ குனிந்து, மாவில் வரைந்த அடுப்பை ஊதினாய். ஊதியதும் இருமல் வந்தது. நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வழிந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வரை இருமினாய். அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. திறந்த களம், காற்று வீசிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நடையைக் கட்டினார்கள்.

பழக்கம்தான், உடம்பு அதை நினைவில் வைத்திருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டேன். இன்றும் அதுதான் என் விளக்கம். ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். கிழக்குப் பக்கம் போகும்போதெல்லாம் நீ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். அங்கே நாம் ஒன்றும் வரையவில்லை.

"அங்க இன்னா இருக்குது?" என்று கேட்டேன்.

"அக்கா குந்திகினு இருக்குது இல்ல?" என்றாய், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

மாடத்தை இடித்துவிட்டு அங்கேதான் ஜன்னல் வைக்க வேண்டும், பானையைக் கூடத்துக்கு மாற்றலாம் என்றேன். காற்று எந்தப் பக்கம் வருகிறது, புகை எப்படி மேலே போகும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாய். கடைசியில், "அது புருஷன நான் எடுத்துக்கினேன். அது வூட்ட எடுத்துக்கினேன். மிச்சம் இருக்கறது அந்த ஒரு மாடம்தான். அதையும் புடுங்கறதா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் வந்தால் என்ன? அந்தக் கோடையில் விறகு மட்டும்தான் இடம் மாறியது.

அஞ்சலை பாவாடை கட்டித் திரியும் வயதில் உன்னை இருமல் கொண்டுபோயிற்று. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீயும் சுமங்கலியாகப் போனவள் என்று ஏரிக்கரையில் உன்னையும் கூப்பிட்டார்கள். அதற்கு நான் போகவில்லை. உன் புடவைக்குத் தனிப் பானை வேண்டாம், இரண்டு பேரும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். அதே மாடம், அதே பானை.

இந்த வருஷம் பள்ளிக் கோடை விடுமுறைக்கு வந்தேன். அஞ்சலைக்கு ஆறாம் மாதம். மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட்டவன், நல்லவன், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். அடுப்பு அஞ்சலையிடம். வண்டியிலிருந்து இறங்கும்போதே உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. அது உன் இருமல், அண்ணி. முதலில் இரண்டு சின்னதாக, பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்று நீளமாக. பெண்ணுக்குத் தாயின் நெஞ்சுக்கூடு வாய்ப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

புதுவைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். இந்தப் புகையில் இனியும் உட்கார்ந்தால் பிள்ளை தங்குவது கஷ்டம், தாய்க்கும் நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் நான் சமைக்கிறேன் என்றேன். அண்ணன் என் ரசத்தை ஒரு வேளை பொறுத்துக்கொண்டார். மறுவேளை அஞ்சலையே அடுப்பில் உட்கார்ந்தாள். நான் வேலைக்குத் திரும்பிப் போனால் பிறகும் அவள்தானே உட்கார வேண்டும். கயிறு எடுத்து அளந்தேன். எப்படி அளந்தாலும் ஜன்னல் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

சோரியாங்குப்பத்துக் கொத்தனார் வந்து பார்த்தார். சிமிண்டு கிடைக்காது, சுண்ணாம்பிலேயே செய்துவிடலாம், ஜன்னல் கம்பி கடலூரிலிருந்து பிரெஞ்சு எல்லைச் சுங்கச்சாவடி தாண்டி வரவேண்டும், அதை என்னிடம் விடுங்கள் என்று உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மாடத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். "சொவுத்த இடிக்கச் சொல்லும்மா, இடிக்கிறேன். அவங்கள எடுக்கச் சொல்லாத. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது."

பானையை எடுக்க அண்ணனுக்குக் கை வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி தொடக்கூடாது. சுமங்கலிகளின் பானையைத் தொடவே கூடாதவள் நான். ஆக, அந்த வீட்டில் அதை எடுக்க ஆளே இல்லை.

அஞ்சலைக்காவது ஜன்னல் மேல் ஆசை வந்தால் அண்ணன் மனம் மாறும் என்று மறுநாள் களத்தில் கோலமாவில் மறுபடி வரைந்தேன். சுவர், அடுப்பு, குடங்கள், ஜன்னலுக்கு இரண்டு கோடு. நாம் இப்படி வரைந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோடுகளுக்குள் போனாள். "நல்லாக்கீது அத்த, கொடம் கிட்டவே வந்துடுச்சு" என்றாள். கிழக்குப் பக்கம் போனபோது முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுற்றிப் போனாள். அவள் வளர்ந்த அடுப்பங்கரை, கால் பழகியிருக்கும். பிறகு குனிந்து அடுப்பை ஊதினாள்.

என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ விட்ட இடத்திலிருந்து அவள் இருமினாள். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டபோது அவள் வயிறு கல்லாக இறுகியிருந்தது. அப்போது, பெண்ணைப் பிடித்துக்கொண்டே, உன்னோடு சத்தமாகப் பேசினேன். "போதும்டி" என்றேன். உன்னை அதற்கு முன் ஒருநாளும் நான் டி போட்டுப் பேசியதில்லை. உன்னிடம் சொன்னேனா, மூத்தவளிடம் சொன்னேனா என்று இப்போது எனக்கே தெளிவில்லை.

அவளை வாசல் கூரைக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு நேரே உள்ளே போனேன். எனக்கு இனிப் போக என்ன இருக்கிறது. மாடத்துக்கு முன் நின்று பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

உள்ளே இரண்டு புடவை, கொஞ்சம் கண்ணாடி வளையல், காய்ந்த மஞ்சள். அவ்வளவுதான் இருக்க முடியும். பானை நிறைகுடம் போலக் கனத்தது. இரண்டு கையாலும் முடியாமல் இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். பழைய மண், சுவரின் ஈரத்தைக் குடித்திருக்கும். பதற்றத்தில் என் கை தளர்ந்திருக்கும். நடந்துகொண்டே இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கூடத்து நிலைப்படியைத் தாண்டினேன். அப்போது பாதி பாரம் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளை திடீரென்று நழுவி இறங்கி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டால் எப்படி இருக்கும், அப்படி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்து மாடத்தின் பக்கத்தில் அண்ணன் கற்பூரத்தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு அவராகவே ஏற்றியிருக்க வேண்டும். நான் தொட்டதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பானையை வைக்கும் வரை காத்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்களாம்மா?"

எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு கேள்வி அது. சும்மா ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தி வரவில்லை என்று சொன்னால் அந்தச் சுவரில் ஒரு கல்லைக்கூட அண்ணன் அசைக்க விடமாட்டார். வெளியே அஞ்சலை இன்னும் இருமிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கண்ணா" என்றேன்.

கொத்தனார் அன்றைக்கே கடப்பாரையை வைத்தார். முதல் ஓட்டை விழுந்ததும் காற்று உள்ளே புகுந்து, பரணிலிருந்து பல வருஷத்துக் கரி பொலபொலவென்று கொட்டியது. அஞ்சலைக்குச் சுகப் பிரசவம். பெண் குழந்தை. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு இருமல் குறைந்துவிட்டது. பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறது, அழுகை தெருக்கோடிவரை கேட்கிறதாம்.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டது நீயா, மூத்தவளா என்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவேன் என்றும் நினைத்ததில்லை. நீயாக இருந்தால் அங்கேயே இரு. ஜன்னல் அளவு நான் போட்டதுதான். காற்று நன்றாக வரும். உனக்கு உயிரோடு கிடைக்காத காற்று. மூத்தவளாக இருந்தால், அவள் இடத்தை நாங்கள் பிடுங்கவில்லை என்று அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பக் கிளம்பும்போது அஞ்சலையிடம், ஜன்னலுக்குக் கீழே குடம், கூடை எதுவும் வைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். காற்று தடைப்படும் என்றேன். அதுவும் உண்மைதான்.

பானையை நான் திறந்து பார்க்கவில்லை. மறுபடி தூக்கிப் பார்க்கவும் இல்லை. ஒரு தராசு போதும், எல்லாம் விளங்கிவிடும். என் மாணவிகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். இப்போது வகுப்பில் நிற்கும்போது இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறேனாம். முதுகு வலியா என்று ஒரு பெண் கேட்டாள். வலி இல்லை. கூடம்வரை என்னோடு வந்த அந்தப் பாதி இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அதை எங்கே இறக்கி வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.