முன்விளக்கில் சந்தனம்

ஜூன் 23, திங்கள். காலையிலிருந்து சாரல்.

இல்லை, நான் கத்தியதால் வண்டி வழுக்கவில்லை. வண்டி வழுக்கியதால் கத்தினேன். வரிசை முக்கியம். வீட்டில் இதற்குள் வரிசையை மாற்றிவிட்டார்கள்.

நேற்று நடந்தது. மலைமேல் அக்காவின் புகுந்த வீட்டு ஏல எஸ்டேட்டிலிருந்து போடிக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்துகொண்டிருந்தோம். ஓட்டியது அக்காவின் கணவர். பக்கத்தில் அக்கா, ஏழு மாத வயிறு. பின்னால் நான். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அதற்குச் சேலை எடுக்கவேண்டும். மலை இறங்கும்வரை மச்சான் ஒழுங்காகத்தான் ஓட்டினார். முந்தல் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் குரூஸ் போட்டார். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அழுத்திவிட்டால் மிதிக்க வேண்டியதில்லை, வண்டியே அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டும் வித்தை. வலது காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். கட்டிலில் உட்கார்கிற மாதிரி.

"பாத்துக்க கொழுந்தியா. காலுக்குச் சோலியே இல்ல."

மழை பிடித்தது. வைப்பர் ஓடவில்லை. ஆட்டோவில் போட்டிருக்கிறதாம், தானாக ஓடுமாம். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சாலை கரைந்துபோய்விட்டது. தானா ஓடும், தானா ஓடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கும் இல்லை, பகல்தானே. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் ஏறியதும் வண்டி தரையை விட்டது. ஸ்டியரிங்குக்கும் சாலைக்கும் சம்பந்தமில்லாத ஒரு நொடி. வேகம் மட்டும் குறையவில்லை. மடக்கிய கால் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் கத்தினேன். "காலக் கீழ போடுங்க."

நின்ற இடம், பாலத்தின் கட்டைச்சுவருக்கு ஒரு கை தள்ளி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அவர் சொன்னது: பின்னாலிருந்து இது போட்ட கத்தில் கை ஆடிப்போச்சு மாமா. அப்பா சிரித்தார். அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா காபி குடித்தாள். மடக்கிய காலை அவள் பார்த்தாள். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலை அவர்கள் கிளம்பிப் போனார்கள். அதே காரில், அதே மழையில்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் அக்கா பிரசவத்துக்கு இங்கே இறங்க வேண்டும். அவரே ஓட்டிக் கூட்டிவருவதாகப் பேச்சு. பதினேழு கொண்டை ஊசி வளைவு.

பார்க்கிறேன்.


ஜூன் 24, செவ்வாய். மேகம் மட்டும்.

தூக்கமில்லை. காரின் கையேட்டை போனில் இறக்கிப் படித்தேன். மச்சானுடையது இன்னும் பாலிதீன் உறைக்குள் இருக்கும்.

– குரூஸ்: ஈரச்சாலை கூடாது. வளைவு, இறக்கம், நெரிசல் கூடாது. (எங்கள் பக்கத்துச் சாலையில் மிச்சம் என்ன?)
– பிரேக்கைத் தொட்டால் விலகிவிடும். தொடுவதற்குக் கீழே ஒரு கால் வேண்டும்.
– மழையில் பகலிலும் விளக்கு. நாம் பார்க்க அல்ல, நம்மைப் பார்க்க.
– மூடுபனியில் டிம் மட்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.
– நாலு இண்டிகேட்டரும் நின்றுபோன வண்டிக்கு. மெட்டு மலைச்சாலையில் எல்லோரும் நாலையும் மினுக்கிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். யார் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது அவரவர் மனசுக்குள்.
– வைப்பர்: மழையை அறியும் கண் ஒன்று முன்கண்ணாடியில், மேலே, நடுவில். மறைத்தால் ஓடாது.

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலே, நடுவில். கார் வாங்கிய அன்று பூஜை போட்டு, அக்காவின் மாமியார் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்த இடம். காருக்கு அதுதானே நெற்றி. சந்தனம் காய்ந்து கல்லாகி இன்னும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் சாக இருந்தது ஒரு பொட்டால்.

மச்சானுக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் சொன்னேன். சாமிப் பொட்டை அழிக்கச் சொல்றியா என்றார். வண்டியில் கோளாறு இல்லை, எனக்குத்தான் படித்துப் படித்து முற்றிவிட்டது என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எஸ்டேட் ஸ்டோரில் ஆட்களை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

சுவரைக் குத்தினேன். விரல் வீங்கியது. சுவருக்கு ஒன்றுமில்லை.


ஜூன் 25, புதன். வெயில்.

அப்பாவிடம் பேசினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. நான் ஓட்டுகிறேன் என்றேன். லைசென்ஸ் இருக்கிறது, கோயம்புத்தூரில் படித்த காலம் முழுக்கத் தோழியின் கார், வால்பாறை வரைக்கும். மாப்பிள்ளை மனசு கோணும் என்றார். அக்காவின் உயிர் கோணலாமா என்று கேட்டேன். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் உயிர் என்று பேசாதே என்றாள் அம்மா.

மத்தியானம் அக்காவுக்குப் போன்.

"எதுக்குடி இம்புட்டு ஆங்காரம் ஒனக்கு?"

"அவரு கால மடக்கியிருந்தத நீ பாத்தியா இல்லையா?"

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மச்சான் மேல் கோபம் எளிது. அது வருகிறது, எரிகிறது. அக்காவின் மேல் வரும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டியவள். புரிகிறது. புரிவதால் குறையவில்லை.

சாயங்காலம் ஒரு வழி தோன்றியது. அசிங்கமான வழி. அக்காவின் மாமியாரை அழைத்தேன். நலம் விசாரித்தேன். பிறகு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி: "அத்தே, பொறந்த வீட்டு ஆளுகதான வந்து கூட்டிட்டுப் போகணும்? மச்சான் ஓட்டிட்டு வந்தா மொறையா இருக்குமா?"

"ஆமாத்தா. அவன் அந்த வண்டியில ஏறப்படாது. நல்லவேள சொன்ன."

முடிந்தது. அந்தக் காரை ஓட்டப்போவது நான். கையேடு செய்யாததை முறை செய்துவிட்டது. சடங்குகளைக் கிழித்து நான் எழுதிய கட்டுரைக்கு எம்.ஏ.வில் முதல் மதிப்பெண். பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். இன்று அதே சடங்கின் வாலைப் பிடித்துத் தொங்குகிறேன்.


ஜூன் 26, வியாழன்.

ஜாக்கெட் இன்னும் தைத்து வரவில்லை. கண்ணாடி வளையல், அம்மா எண்ணி எண்ணிப் பார்க்கிறாள். விரல் வீக்கம் பரவாயில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. நானும்.


ஜூன் 27, வெள்ளி. மேலே மழை, கீழே தூறல்.

காலையில் வேன் பிடித்து மேலே போனோம். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அக்கா கன்னமெல்லாம் சந்தனம், முழங்கை வரை வளையல். அழகாக இருந்தாள். எனக்கு அப்போதும் கோபம்தான்.

சாப்பிட்டு முடிக்கையில் ஸ்டோரில் வேலை பார்க்கும் பெண் உள்ளே வந்து, கோட இறங்கிருச்சு என்றாள். மலையில் எல்லோரும் மூடுபனியை அப்படித்தான் சொல்வார்கள். வெளியே வந்தேன். ஏலச்செடிகள் இல்லை, கேட் இல்லை. வாசலில் கார் மட்டும்.

காருக்கும் வளைகாப்பு நடந்திருந்தது. இரண்டு முன்விளக்கிலும் உள்ளங்கை அகலம் சந்தனம், நடுவில் குங்குமம். முன்கண்ணாடியில் பழைய பொட்டின் மேல் புதிய பொட்டு. வைப்பர் இரண்டையும் சேர்த்துக் கட்டிய மல்லிகைச் சரம்.

ஈரத்துணி கேட்டேன். யாரும் அசையவில்லை. பூச்சரத்தை அவிழ்த்தேன். வைப்பரிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குள்ளே மாட்டலாம் என்றுதான். அக்காவின் மாமியார் படியிறங்கி வந்தார்.

"பூவ எடுக்குறா. அடுத்துப் பொட்ட அழிப்பா. புள்ளத்தாச்சி ஏறப்போற வண்டி."

பெண்கள் கூடிவிட்டார்கள். பொட்டு என்ற சொல் வந்துவிட்டால் பிறகு எந்தச் சொல்லும் எடுபடாது. இந்த விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் வராது அத்தை என்றேன். கீழே போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. கீழே போய்ச் சேர்வதற்குத்தானே விளக்கு. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்னைக்கு மாதிரி ஒரு கத்துக் கத்தச் சொல்லுங்க, கோட தானா ஓடிப்போகும் என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

தொண்டை வரை வந்தது. கத்தவில்லை. துப்பட்டாவைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துப் பிழிந்தேன்.

வளையல் சத்தம் கேட்டது. அக்கா வாசலில்.

"அத்தே, அன்னைக்கு இவரு கால மடக்கிச் சீட்டு மேல வச்சிருந்தாரு. இவ கத்துன பெறகுதான் காலையே கீழ போட்டாரு. கத்தலைன்னா இன்னைக்கு வளைகாப்பு இல்ல."

சாதாரணமாகச் சொன்னாள், உப்பு கூடுதல் என்கிற மாதிரி. மச்சான் கேட் இருந்த பக்கம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

அக்காவின் மாமியார் மகனை ஒரு முறை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துப்பட்டாவைத் தள்ளிவிட்டு, தன் விரலாலேயே விளக்கிலிருந்த சந்தனத்தை வழித்தார். வழித்ததைப் பானெட்டின் மேல் வைத்தார். கண்ணாடியில் இருந்ததைச் சுரண்டி எடுத்து அதையும் அங்கேயே. மேலே குங்குமம்.

"அழிக்கல. எடம் மாத்துறேன்" என்றார், கூட்டத்தைப் பார்த்து.

அவர் செய்தால் இடமாற்றம். நான் செய்திருந்தால் அழிப்பு. இருக்கட்டும். மிச்சத்தை நான் துடைத்தேன்.

முறைப்படி அக்கா சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் ரிவர்ஸ் எடுக்கத் திரும்பியதும் ஒரு கிழவி, திரும்பிப் பாக்காதத்தா என்று கண்ணாடியைத் தட்டினாள். எனக்குமா? பார்த்துத்தான் எடுத்தேன்.

டிம். கீழே பனிவிளக்கு. வைப்பர் கையால், மெதுவேகத்தில். ஆட்டோ இல்லை, குரூஸ் இல்லை. இரண்டாம் கியர். மெட்டில் முன்னே ஒரு ஜீப்பு நாலு இண்டிகேட்டரும் மினுங்க, ஆட்களோடு. அதன் பின்னாலேயே இடைவெளி விட்டு இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஜீப்பு, பிரைட் போட்டு, என் கண்ணாடி முழுக்க வெள்ளையாக. அது பக்கத்து எஸ்டேட் ஜீப்பு, உள்ளே மச்சான். காரில்தானே ஏறக்கூடாது. அப்பா அம்மா வேனில் எங்கோ அதற்கும் பின்னால். உள்கண்ணாடியைச் சாய்த்துவிட்டேன். பனியும் பிரைட்டும் கோபமும் என்று ஒரு உவமை வந்தது. வளைவு வந்தது, விட்டுவிட்டேன்.

அக்கா வழி முழுக்க வளையல்களை ஒரு கையால் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்றாள். முந்தல் தாண்டி நேர்ச்சாலையில் அந்தப் பாலம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். அந்தப் பொத்தான் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மன்னிச்சுக்கடி" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பசிக்கிறது என்றாள்.

வீட்டு வாசலில் ஜீப்பும் வேனும் வந்து நின்றன. மச்சான் சாவி கேட்டார். பிரசவ நேரம், வண்டி கீழேதான் இருக்கணும், ஓட்டப்போவது நான் என்றேன். அப்பாவைப் பார்த்தார். அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. செருப்பைத் தேடினார்.

மச்சான் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அக்காவுக்குத் தோசை ஊற்றினேன். வைப்பர் ரப்பரில் ஒட்டியிருந்த மல்லிகை இதழ்களை எடுத்தேன். சாவியை அரிசி டிரம்மில் போட்டு மூடினேன்.