மேனேஜரின் நகங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இன்று காலை பதினொரு மணிக்கு உறுதியான செய்தி: நீ வெளியூர் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன உன் பூனை மேனேஜரின் இதயத்துடிப்பில் ஒரு கூடுதல் சத்தம் கேட்கிறது. சொன்னவர் கால்நடை மருத்துவர். ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி நானும் காதில் வைத்தேன். எனக்குக் கேட்டது மேனேஜரின் உறுமல் மட்டும்.

போனது நகம் வெட்டத்தான். பன்னிரண்டு வயதாகிவிட்டதல்லவா, நகமெல்லாம் தடித்து, ஒன்று வளைந்து பாதத்தைக் குத்துகிறது. வீட்டில் மூன்று முறை முயன்றேன். சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, லீவு கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

மருத்துவர் இரண்டு நகம் வெட்டினார். மூன்றாவதில் மேனேஜர் திமிறியதில் ரத்தம் ஓடும் இடம்வரை வெட்டுப்பட்டுவிட்டது. அதே திமிறலில் என் இடது மணிக்கட்டிலும் ஒரு கீறல். பூனைக்குப் பொடி வைத்தார்கள், இரண்டு நிமிடத்தில் நின்றது. எனக்கு நாற்பது நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். "அம்மா, நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

உனக்கும் இதை இதுவரை எழுதவில்லை. என் இதயம் தாளம் தப்புகிறதாம். ரத்தம் உறையாமலிருக்க நான்கு மாதமாக மாத்திரை. மேனேஜரின் பழைய கீறல்களை இதய மருத்துவரிடம் ரோஜாச் செடி என்று சொல்லிவைத்திருந்தேன். முப்பத்தைந்து வருடம் பத்திரிகையில் ஊரார் மறைத்ததைத் தோண்டி எழுதியவள், ஒரு தொட்டிகூட இல்லாத வீட்டில் ரோஜா வளர்த்துவிட்டேன்.

மாலையில் இதய மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "முதல்ல அந்தப் பூனைய யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார்.

கால்நடை மருத்துவர் சொல்வது வேறு. மயக்க ஊசி போட்டு வெட்டினால் எனக்குக் கீறல் இராது. அந்த இதயம் ஊசியைத் தாங்குமா என்பது சந்தேகம். ஊசி போடாமல் வெட்டினால் ஆபத்து பிடிப்பவளுக்கு. வெட்டாமல் விட்டால் பாதம் சீழ்பிடிக்கும். நகங்களை அடியோடு எடுத்துவிட முடியாதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "விரல்நுனி எலும்போட வெட்டணும்மா. நான் செய்யமாட்டேன்" என்றார். கேட்டதற்கே வெட்கமாகப் போய்விட்டது.

இருவரும் நல்லவர்கள், அவரவர் நோயாளிக்காக வாதாடுகிறார்கள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. இரு தரப்பையும் கேட்டால் செய்தி தெளிந்துவிடும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கேட்கக் கேட்கக் குழம்புகிறது.

கட்டுப்போட்ட கைமேல் தலைவைத்து மேனேஜர் தூங்குகிறது. எழுப்ப மனமில்லாமல் ஒற்றைக் கையால் எழுதுகிறேன். காகிதம் நகர்கிறது, வரிகள் கோணினால் பொறுத்துக்கொள்.

பூனைக்கு இதய ஸ்கேன் வியாழன் காலை. ஊசி போடலாமா என்று அன்று மாலை தெரியும். என் ரத்தப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை. பூனை உன்னுடையது. கொடுத்துவிடு என்று நீ எழுதினால் கொடுத்துவிடுவேன். அதனால் சனிக்கிழமைவரை எதுவும் எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்கவேண்டும்.

அன்புடன்,
அக்கா