சுரண்டிய முத்திரை

மார்ச் 4, திங்கள்
பழம்புத்தகக் கடை முதலாளி சண்முகராசா சார் இன்று ஒரு பெட்டியை என் மேசையில் வைத்தார். உள்ளே நான்கு சுவிசேஷங்களும் அடங்கிய ஒரே புத்தகம். கிரேக்கம், தோல் ஏடுகள், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து. விற்பனைக்கு முன் நான் விவரம் எழுத வேண்டும். லூக்கா தொடங்கும் பக்கத்தில் ஒரு மெழுகுக் கறை. பாளையங்கோட்டையில் கிரேக்கம் படித்தபோது, கடல் கடந்து வந்து இப்படி ஒன்றைத் தொடுவேன் என்று நினைத்தேனா? கை கழுவிவிட்டு வந்து மறுபடி தொட்டேன்.

மார்ச் 7
முதல் ஏட்டில் ஒரு முத்திரையை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் எழுத்துகள் தெரிந்தன. வடகிரேக்கத்து மடம் ஒன்றின் பெயர். சாரிடம் கேட்காமல் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மார்ச் 11
பதில் வந்தது, நிகிபோரோஸ் என்ற வயதான துறவியிடமிருந்து. முப்பது வருடத்துக்கு முன் திருடர்கள் வந்தார்களாம். கோயிலைக் காத்த துறவியைக் கட்டிப்போட்டு அடித்தார்களாம், அவர் பிழைக்கவில்லை. "லூக்காவில் மெழுகு இருக்கிறதா? இளவயதில் நான்தான் சிந்தினேன்."
மெழுகைப் பற்றி நான் எழுதவே இல்லை.

மார்ச் 12
சாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.
"நான் நேர்மையாத்தான் வாங்கினனான். இதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும் பிள்ளை. அகதியா வந்து கட்டின கடை இது." பிறகு மெதுவாக, "உம்மட விசாவும் இந்தக் கடையாலதான் இருக்கு, தெரியும்தானே?"
தெரியும். என் கணவன் ஆதித்யாவின் விசா என்னுடையதில் தொங்குகிறது என்பதும் தெரியும்.

மார்ச் 15
ஆதித்யா கத்தினான். "ரெண்டு வருஷம் கிடங்குல பெட்டி தூக்கி, இப்பதான் இன்ஜினியர் வேலை கிடைச்சிருக்கு. செத்துப்போன சாமியாருக்காக அதையும் விடணுமா?"
"அடிச்சுக் கொன்னிருக்காங்க, ஆதி."
"நீயா கொன்ன?"
சோறு ஆறிப்போச்சு. என்ன செய்யப் போறேன்? வாயை மூடிக்கிட்டு விவரம் எழுதிக் குடுத்துடவா? என்னால முடியுமா?

மார்ச் 18
போலீசில் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 26
பத்திரிகையில் சாரின் படம். கடையே ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்ததாம். புத்தகத்தை மடத்துக்குத் தானாகவே திருப்பித் தருகிறதாம். என் பெயர் எங்கும் இல்லை. மதியம் கூப்பிட்டார். "ஆக்களைக் குறைக்கிறம் பிள்ளை." என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 20
இந்நாட்டு உள்துறையின் கடிதம். வேலை போனதால் விசா ரத்து. இரண்டு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். ஆதித்யாவும்.

ஜூன் 21
ஆதித்யாவின் கம்பெனியே அவனுக்கு விசா எடுத்துத் தருகிறது! மனைவி என்று என்னையும் சேர்க்கலாம். அழுதேவிட்டேன். என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.
"அனுப்பிட்டேன்."
"என்னைச் சேர்க்காமலா?"
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "இன்னொரு தடவை என் வாழ்க்கையை உன் கையில குடுக்க என்னால முடியாது, பெர்சிஸ்."

ஜூன் 24
ஊரின் இன்னொரு மூலையில், குட்மேய்ஸில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். சட்டைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

ஜூலை 12
நாளை விமானம். நிகிபோரோஸ் எழுதியிருக்கிறார். புத்தகம் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் அதிலிருந்தே வாசிக்கப் போகிறார்கள். ஜெபத்தில் சொல்ல என் பெயரும் என் வீட்டாரின் பெயரும் வேண்டுமாம்.
பெர்சிஸ் என்று எழுதினேன். எழுந்து போய்ப் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்தேன். பிறகு அதன் கீழே, ஆதித்யா.