எல்லாப் போனிலும் தெரிய வேண்டிய பட்டன்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம், போன்களுக்குத்தான் ஆளுக்கொரு வியாதி. கூப்பிட்டுப் பேசலாமென்றால் உங்கள் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்த மெயில்.

மருத்துவமனைக்கு டோக்கன் எடுக்கும் வெப்சைட்டைச் செய்துகொண்டிருக்கிறேன் அல்லவா, அது திங்கட்கிழமை திறப்பு. எந்தப் போனில், எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஒரே ஒரு நோயாளி ‘என் போனில் வரவில்லை’ என்று சொன்னாலும் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவாராம் பெரிய டாக்டர். இது தேறிவிட்டால் இனி எந்த ஊரில் உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எந்த ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் குட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன். அத்தைக்கும் இது தெரியும், அதனால் சோதனைக்கு முதல் ஆளாக அவரே வந்து நின்றார்.

என் கம்ப்யூட்டரில் பக்கம் பளிச்சென்று இருந்தது. அத்தையின் போனில் திறந்தால் ‘டோக்கன்’ என்ற சொல் மட்டும் திரை முழுக்க நிற்கிறது, அழுத்த வேண்டிய பட்டனைக் காணோம். எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருக்கிறார். நான் பெரிய புத்திசாலியாக, யார் என்ன செய்தாலும் எழுத்து பெரிதாகாதபடி பூட்டிவிட்டேன். பட்டன் வந்துவிட்டது, அத்தைக்குத்தான் அது கண்ணில் படவில்லை. “நல்லா கண்ணு தெரியறவங்களுக்கு மட்டும்தான் வைத்தியம் பாப்பாங்களாம்மா?” என்று கேட்டாரே பார்க்கலாம். உடனே பூட்டை எடுத்தேன். இப்போது எழுத்து எவ்வளவு பெருத்தாலும் பட்டன் சமர்த்தாக அடுத்த வரியில் இறங்கி நிற்கிறது.

மாமா கதை வேறு. போனில் எதையும் புதுப்பிக்க விடமாட்டார். “நல்லா ஓடறத ஏன் நோண்டணும்” என்பார். அந்தப் பழைய பிரவுசரில் தேதி கேட்கும் இடத்தில் காலண்டர் விரியாமல் வெறும் கட்டம் மட்டும் வந்திருக்கிறது. மாமா அதில் ‘நாளைக்கு, வெயில் தாழ்ந்ததும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். என் வெப்சைட்டும் அதை வாங்கிக்கொண்டு மரியாதையாக டோக்கன் கொடுத்துவிட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாமாவோ இவ்வளவு சுலபமான வெப்சைட்டைப் பார்த்ததே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அதைச் சரிசெய்துவிட்டு, கட்டிடத்தில் இருப்பவர்களின் போன்களையெல்லாம் இரவல் வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். மாடிவீட்டுக்காரரின் போன் அடித்தது. அத்தை எடுத்து, “அவரு இப்பதான் சாப்ட்டுப் படுத்தாரு, எழுப்ப முடியாது” என்று சொல்லி வைத்துவிட்டார். கூப்பிட்டது அவருடைய மேலதிகாரி. ஆபீஸ் வேலையாக வெளியே போயிருப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம் மனிதர். இப்போது படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எல்லாப் போன்களும் தேறிவிட்டன, ஒன்றைத் தவிர. அது பெரிய டாக்டர் வைத்திருக்கும் மாடல். இங்கே யாரிடமும் அது இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. கீழே லிங்க் அனுப்பியிருக்கிறேன். அந்தப் போனோடு வந்த பிரவுசரிலேயே திறந்து, கட்டங்களையெல்லாம் நிரப்பிப் பட்டனை அழுத்துங்கள். நீங்கள் எழுதுவது நேரே என் திரைக்கு வரும், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெயர், வயது எல்லாம் வாய்க்கு வந்ததைப் போடுங்கள், பரவாயில்லை. ‘என்ன தொந்தரவு?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மட்டும் உள்ளதை எழுதுங்கள். பேசும்போதெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறீர்கள். குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இடம் போதாதோ என்று நினைத்துச் சுருக்கிவிடாதீர்கள். எவ்வளவு எழுதினாலும் அந்தக் கட்டம் நீண்டு கொடுக்கும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன்.

திரையைப் பார்த்தபடியே இருக்கும்
உங்கள் மனைவி