இடப்பக்க வரிசை

25 ஆகஸ்ட், திங்கள்

இன்றும் சண்டை. புடலங்காய்ப் பொரியல் தட்டில் அப்படியே கிடக்கிறது. "பொரியலே வெக்கலியா மணி?" என்று என்னைக் கேட்கிறார் என் வீட்டுக்காரர். கண் பொடனியிலா இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சுக்குக் குறைவே இல்லை. என் சமையலில் மட்டும் பாதி பிடிக்காமல் போய்விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை மகள் அக்ஷிதாவுக்கு நிச்சயதார்த்தம். அது முடியும்வரை வாயைத் திறக்கப் போவதில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை வம்சி தங்கமான பையன். அவன் அப்பா கெங்குசாமி மட்டும் சாப்பிட்டு எழுந்ததும் தாம்பூலப் பையை வாங்காமலே அன்னூருக்கு வண்டி ஏறிவிட்டார். என்ன தப்பு நடந்தது? சாம்பாரில் உப்பா?

1 செப்டம்பர், திங்கள்

சாம்பார் இல்லை.

காலையில் கெங்குசாமியே போன் செய்தார். "ஒரு வரிசையே எங்காளுக ஒக்காந்திருந்தோமுங்க. பொண்ணோட அப்பாரு எதுத்த வரிசையில எலை எலையா நின்னு கேட்டாரு. எங்க பக்கம் தலையைக்கூடத் திருப்பலீங்க. சோத்துக்கா வந்தோம்?" எனக்குக் கூசிப் போயிற்று. பந்தியில் 'போதுங்களா, இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க' என்று ஒரு வார்த்தை கேட்காதவன் வீட்டில் எங்கள் பக்கத்தில் யார் பெண் எடுப்பார்கள்?

இவரிடம் கேட்டால், "இடப்பக்கம் வரிசையே போடலியே மணி" என்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வலது கன்னம் வழவழ. இடது கன்னத்தில், கடையில் மழித்த பிறகு வளர்ந்த மூன்று நாள் தாடி.

மதியம் சாப்பாட்டின் நடுவே தட்டை எடுத்து, வலம் இடமாகத் திருப்பி வைத்தேன். "அட, பீன்ஸு! இப்பத்தான் வெச்சியா?" என்று மளமளவென்று சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

3 செப்டம்பர், புதன்

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் மிஸ்பாவிடம் கூட்டிப்போனேன். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்ததாம். நாங்கள் மாத்திரைப் பெயரைத் தவிர எதையும் படிக்கவில்லை.

"அங்கிளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க ஆன்ட்டி. கண்ணு பாத்ததைக் கவனிக்கறது மூளை. அதுல வலது பாதி ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கும். இடது பாதி வலப்பக்கத்தை மட்டுந்தான் பாத்துக்கும். இவருக்கு அடி வாங்குனது வலது பாதி. அதனால இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லைங்க."

எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், இவர் ஒரு பக்கம் பார்க்கிறார். நான் படுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான். பேச்சு இருப்பது இடது பாதியிலாம். வாய் மட்டும் நன்றாகத் தப்பித்துக்கொண்டது!

இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மிஸ்பா ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்தார். "சரியா நடுவுலயா அங்கிள்?" "முப்பத்தஞ்சு வருசம் லேத்துல நின்னவன் அம்மணி நானு." சட்டைப் பையிலிருந்து தன்னுடைய ஸ்டீல் ஸ்கேலையே எடுத்து அளந்தார். இடப்பக்கம் பதிமூன்றரை சென்டிமீட்டர். வலப்பக்கம் ஆறரை. மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும்.

உக்கடம் வந்து பஸ் மாறினோம். அப்புறம், "ஸ்கேல் பொய் சொல்லாது மணி" என்றார்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

அன்னூரில் சொல்லிவிடலாம் என்கிறேன் நான். கூடாது என்கிறார் இவர். "மூளையில கோளாறுன்னா பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. திமிர் புடிச்சவன்னு நெனச்சுட்டுப் போகட்டும்." அக்ஷிதா பொரிந்துவிட்டாள். "எங்கப்பாவைத் திமிர் புடிச்சவருன்னு நெனைக்கற ஊட்டுக்கு நான் போக மாட்டேனுங்க."

ஐயோ சாமி, அப்பனைப் போலவே பிடிவாதம். நான் யாரை என்று சமாதானம் செய்வது?

14 செப்டம்பர், ஞாயிறு

இவரே கிளம்பினார். "மகளுக்காக வாரேன்" என்றார்.

அன்னூரில் காப்பி வந்தது. இவர் தொடவில்லை. காகிதத்தை விரித்துக் கோடு போடச் சொன்னார். கெங்குசாமி ஒன்றும் புரியாமல் போட்டார். இவர் புள்ளி வைத்து, ஸ்கேலையும் அவர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே அளந்து பாருங்க சம்பந்தி. என்ற நடு இப்ப இங்கதான் இருக்குது. அன்னைக்கு உங்க வரிசை எனக்குத் தெரியவே இல்லீங்க."

அவர் அளந்தார். ஸ்கேலைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தார். பெண்ணுக்கு வருமா என்று கேட்கவில்லை. "எனக்குப் புரிஞ்சு போச்சுங்க" என்றார். அப்புறம் பெருமூச்சு. "ஆனா கல்யாணத்துக்கு எங்காளுக ஐநூறு பேரு வருவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் காயிதத்தைக் காட்டிட்டிருக்க முடியுங்களா?"

நியாயமான கேள்விதான். கல்யாணம் நவம்பர் முப்பது.

9 அக்டோபர், வியாழன்

பந்திப் பக்கமே வர வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "பொண்ணைப் பெத்தவன் பந்திக்கு வரலீன்னா அது அதைவிடக் கேவலம்." ஆகவே பயிற்சி. மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப். அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் சாப்பாடு. சோபாவில் அவருக்கு இடப்பக்கம் நான், கையில் ரிமோட்டோடு. சேனல் மாற்ற வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கல்யாணமான புதிதில்கூட இத்தனை தடவை பார்த்ததில்லை.

2 நவம்பர், ஞாயிறு

இரண்டு கன்னமும் வழவழ. புள்ளி பதினொன்றுக்கு வந்துவிட்டது, பத்து வந்தால் சரியான நடு. ஆனால் பேச்சுக் கொடுத்தால் இடதை மறந்துவிடுகிறார். பந்தியில் பேசாமல் எப்படி?

1 டிசம்பர், திங்கள்

நேற்று தாலி கட்டும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. எனக்குப் பயமெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதல் பந்தி. இரண்டு பக்கமும் அன்னூர்க்காரர்கள். இவர் நடுவில் கிளம்பினார், வாய்க்குள்ளே "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே. நாலு இலைவரை இரண்டு பக்கமும் திரும்பினார். ஐந்தாவது இலையில் யாரோ லேத்தைப் பற்றிக் கேட்டார்கள். போச்சு. அதற்குப் பிறகு வலது வரிசை மட்டும்தான். இடது வரிசையில் ஒரு பெரியவர் நிமிர்ந்து இவரைப் பார்த்துவிட்டு, மறுபடி இலைக்குக் குனிந்துகொண்டார். நான் பாயச வாளியோடு தூரத்தில் நிற்கிறேன். கத்தவா முடியும்?

அப்போது தலை இலையிலிருந்து கெங்குசாமி எழுந்தார். பாதிச் சாப்பாட்டில். கையைக் கழுவிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, இவருடைய இடப்பக்கம் வந்து நடந்தார். "ஏனுங்க பெரிப்பா, ரசம் இன்னொரு கரண்டி வெக்கச் சொல்லட்டுங்களா?"

பெரியவர் திடுக்கிட்டுப் போனார். "நீ ஏப்பா எந்திரிச்சே? மாப்பிள்ளையோட அப்பன் பந்தி விசாரிக்கறதா?"

"சம்பந்தியும் நானும் ஆளுக்கொரு வரிசை பிரிச்சுக்கிட்டோமுங்க."

பந்தியில் சிரிப்பு. இவருக்கு எதுவும் தெரியாது. வலப்பக்கம் உபசாரம் மும்முரமாக நடக்கிறது. முக்கால் பந்தி தாண்டி எப்படியோ நினைவு வந்து, கழுத்தை நன்றாக வளைத்து இடப்பக்கம் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"சம்பந்தி! நீங்க எப்ப வந்தீங்க?"

"மொதல்லிருந்தே இங்கதானுங்க இருக்கறேன்" என்றார் கெங்குசாமி.